மூலம் இல்லாத ஊரில் ஒரு பிரதி

வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட இயந்திர மறுஉற்பத்தி பற்றிய கட்டுரையை நம் சிற்றிதழ்க்காரர்கள் மேற்கோள் காட்டிக்காட்டியே தேய்த்துவிட்டோம். மூல ஓவியத்துக்கு ஓர் ஒளிவட்டம் உண்டு, அச்சுப்பிரதி அதைக் கரைத்துவிடுகிறது என்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட சாரம். அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய நவீன ஓவியப் பிரதி என்றாலே நடுத்தரவர்க்க அலங்காரம், சோபா நிறத்துக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கிய வான்கோ என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். (பெஞ்சமின் அப்படிப் புலம்பவில்லை. ஒளிவட்டம் கரைவதில் அவர் ஓர் அரசியல் சாத்தியத்தைப் பார்த்தார். அது நமக்கு வசதியாக மறந்துபோகும்.) இந்தத் தீர்ப்பு பாதி சரி. மீதிப் பாதிக்கு ஸ்பெயினுக்குத்தான் போக வேண்டும்.

1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். பிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஹிட்லரின் காண்டோர் படையும் முசோலினியின் விமானங்களும் கெர்னிகா என்ற பாஸ்க் ஊரைக் குண்டு வீசி எரித்தன. பாரீசில் இருந்த பிக்காசோவுக்கு இது செய்தித்தாள் வழியாகத்தான் தெரியும். மே முதல் தேதி கோட்டோவியங்களைத் தொடங்கி, ஜூன் ஆரம்பத்தில் படத்தை முடித்தார். உயரம் மூன்றரை மீட்டர், நீளம் ஏழே முக்கால். அவ்வருடப் பாரீஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் கூடத்துக்காகச் செய்தது. படம் வளர்வதை தோரா மார் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்துவைத்தார்.

நிறத்தைக் கவனிக்க வேண்டும். கறுப்பு, வெள்ளை, சாம்பல், அவ்வளவுதான். குதிரையின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், அச்சடித்த தாளின் வரிகள் மாதிரி. வான்கோவின் மஞ்சளை அச்சில் கொண்டுவர முடியாது என்று யாரும் அழலாம். இதற்கு அப்படி அழ இடமில்லை. செய்தித்தாளிலிருந்து வந்த படம் மறுபடி தாளுக்குப் போகிறது. அளவு சுருங்குவது நிஜமான இழப்பு, மறுக்கவில்லை. மூலத்தின் முன்னால் நிற்பவனை அது விழுங்கிவிடுகிறது. வீட்டுச் சுவரில் அதை ஒரு பக்கம் போலப் படிக்கிறோம்.

இப்படிப் படிக்கிறது அந்த நாட்டில் லேசான காரியமில்லை. போரில் ஜெயித்த பிராங்கோ அரசு, குண்டுவீச்சே நடக்கவில்லை, பின்வாங்கிய சிவப்புக்காரர்கள் தாங்களே ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள் என்று வருடக்கணக்காகச் சாதித்தது. ஓவியம் 1939இல் அமெரிக்கா போனது, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டது. ஆக, ஸ்பானியனுக்குத் தன் நாட்டைப் பற்றிய அந்த ஓவியம் கிடையாது, அதில் சொல்லப்பட்ட சம்பவமும் அதிகாரபூர்வமாகக் கிடையாது. இருந்தது அச்சுப்பிரதி மட்டும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பிராங்கோ எதிர்ப்பாளர்களின் வீடுகளில் அது சுவரேறியது. வீட்டுக்குள் வருகிறவனுக்கு இன்னார் வீடு இது என்று சொல்லாமல் சொல்லும் அடையாளம். யாராவது முறைத்துக் கேட்டால் 'ஓவியம்தானே' என்று தோளைக் குலுக்கவும் வழி இருந்தது. பிக்காசோ விஷயத்தில் அரசின் நிலையும் அரைகுறைதான்: 1963இல் பார்சலோனாவில் அவர் படைப்புகளுக்கு அருங்காட்சியகம் திறக்க விட்டார்கள், ஆனால் வாசலில் அவர் பெயர் இல்லை, 'சபார்த்தேஸ் தொகுப்பு' என்றே திறந்தார்கள். 1971 நவம்பரில் மாட்ரிட்டின் தேயோ கலைக்கூடத்தில் புகுந்த தீவிர வலதுசாரிகள் அவரது செதுக்கோவிய அச்சுகளை நாசமாக்கினார்கள். அதுவும் தாள்தான் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

மூலம் 'இங்கே, இப்போது' இருப்பதால் அதற்கு ஒளிவட்டம் என்றால், இங்கே பிரதிக்கு வலுக் கொடுத்தது மூலம் இங்கே இல்லாமல் போனதுதான். சட்டத்துக்குள் தொங்கியது படம் மட்டுமில்லை, அது வரமுடியாத காரணமும் கூடத் தொங்கியது. பெஞ்சமின் இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. 1940 செப்டம்பரில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து, ஸ்பானிய எல்லை ஊரான போர்ட்பூவில்தான் அவர் உயிரை விட்டார்.

1960களின் கடைசியில் வேடிக்கை ஒன்று நடந்தது. பிராங்கோ அரசே மூலத்தைக் கேட்க ஆரம்பித்தது. ஓவியம் வேண்டும், அதன் கதை வேண்டாம். பிக்காசோ மசியவில்லை, மக்களின் சுதந்திரங்கள் திரும்பினால்தான் ஓவியம் திரும்பும் என்று 1970இல் எழுதிக் கொடுத்தார். வலென்சியாவின் 'எகிப்போ குரோனிகா' ஓவியர்கள் 1969இல் இதையே பொருளாக்கி ஒரு வரிசை தீட்டினார்கள். ஒன்றில் ஸ்பானியச் சித்திரக்கதையின் முகமூடி வீரன் வாளோடு பிக்காசோவின் படத்துக்குள் புகுந்துவிடுகிறான். பிரதிகளைப் பற்றிய எத்தனையோ கோட்பாட்டுக் கட்டுரைகளைவிட அந்த நக்கல் கூர்மையானது.

பிக்காசோ 1973இல் செத்தார், பிராங்கோ 1975இல். 1981 செப்டம்பர் 10 அன்று ஓவியம் மாட்ரிட் வந்து சேர்ந்தது. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, சிவில் கார்டு காவல் போட்டார்கள். அதே படையைச் சேர்ந்த ஒரு லெப்டினன்ட் கர்னல், ஏழு மாதம் முன்னால் அவ்வருடப் பிப்ரவரியில்தான் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்தில் நுழைந்து சட்டசபையைப் பிணையாகப் பிடித்திருந்தான். 1992இல் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள், 1995இல் கண்ணாடி போயிற்று. கூடத்தில் தொங்கிய பிரதி என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை, அங்கேயே தொங்கியது. மறுக்கப்பட்டதற்கான சாட்சி என்ற வேலை மட்டும் அதனிடமிருந்து போய்விட்டது. அலங்காரம் என்ற நம் தீர்ப்பு செல்லுபடியாவது இங்கிருந்துதான். அச்சு மாறவில்லை, தாள் மாறவில்லை, ஆணியைச் சுற்றியிருந்த நாடு மாறிவிட்டது. நம்ம வீடுகளில் ரவிவர்மா லட்சுமி எவ்வளவு மோசமான அச்சானாலும் பூவும் பொட்டும் வைத்ததும் சாமியாகிவிடுவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கேயும் பிரதியின் பலம் தாளில் இல்லை, அதன் முன் நடப்பதில் இருக்கிறது.

பிரதி செத்தே போச்சு என்றும் சொல்லிவிட முடியாது. நெல்சன் ராக்பெல்லர் 1955இல் இந்த ஓவியத்தைத் திரைச்சீலையாக நெய்யச் சொன்னார், 1985 முதல் அது ஐ.நா. பாதுகாப்புச் சபையின் வாசலில் தொங்கியது. பழுப்புச் சாயல் ஏறிய, நூலால் ஆன பிரதி. 2003 பிப்ரவரியில் காலின் பவல் ஈராக் மீதான போருக்கு வாதாட வந்தபோது அதை நீலத் துணியால் மூடிவைத்தார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியாக வராது என்பது சொல்லப்பட்ட காரணம். 2021இல் ராக்பெல்லர் குடும்பம் எடுத்துக்கொண்டு போய், 2022இல் திரும்பக் கொண்டுவந்து மாட்டியது.

மூலத்தின் முன்னால் படம் எடுக்க இருந்த தடையை 2023 செப்டம்பரில் ரெய்னா சோஃபியா நீக்கியது. இப்போது வருகிறவர்கள் அவரவர் பிரதியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள். எரிந்த ஊருக்கு மட்டும் மூலம் இன்னும் போகவில்லை. பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறந்தபோது இரவலாகக் கேட்டதும் மறுக்கப்பட்டது. கெர்னிகாவின் தெருச் சுவர் ஒன்றில் ஓடுகளைப் பதித்து முழு அளவில் ஒரு பிரதி செய்து வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பாஸ்க் மொழியில் எழுதியிருப்பது: 'கெர்னிகா' கெர்னிகாவுக்கு.