பி.எச்.ஐ. ஏன் கடைக்குள் வருகிறார்?



பெருநாள் நெருங்கினால் குச்சவெளியில் இனிப்பு வியாபாரம் சூடுபிடிக்கும். பி.எச்.ஐ. வந்து மாதிரி எடுத்தால், "பிழைப்பைக் கெடுக்க வந்துட்டார்" என்று நாமே முணுமுணுப்போம். அந்த அதிகாரத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் மரணம் இருக்கிறது.

1858 ஒக்டோபர் 30, சனிக்கிழமை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் பெப்பர்மின்ட் டொபி விற்றார். மறுநாள் காலை இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். முதலில் கொலரா என்றே நினைத்தார்கள். நோயாளிகள் கூடக் கூட, எல்லோரும் தின்றது ஒரே கடை டொபி என்று தெரிந்தது. பொலிஸார் போனபோது ஹார்டேக்கரும் அதைத் தின்று நோயாகக் கிடந்தார். மணியடித்துத் தெருத்தெருவாக மக்களை எச்சரித்தார்கள்.

டொபி செய்தவர் ஜோசப் நீல். அப்போது சீனி விலை அதிகம். ஆகவே வியாபாரிகள் மலிவான ஜிப்சம் தூளைக் கலப்பது வழக்கம். நீல் அதை வாங்க ஆள் அனுப்பிய மருந்துக்கடையில் முதலாளி சுகமில்லாமல் படுத்திருந்தார். உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து 12 றாத்தல் ஆர்சனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் வெள்ளைத் தூள்.

ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள். 200 பேர் வரை நோயுற்றார்கள். மூன்று பேர் கைதானார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆர்சனிக் தவறுதலாக வந்தது. ஜிப்சம் வேண்டுமென்றே கலக்கப்பட்டது. ஆனால் அதைத் தடுக்கச் சரியான சட்டம் இருக்கவில்லை. அந்தக் கோபம்தான் 1860இன் உணவுக் கலப்படச் சட்டத்துக்கும், நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்திய 1868இன் மருந்தகச் சட்டத்துக்கும் வழி திறந்தது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. கடைக்குள் வரவும் மாதிரி எடுக்கவும் பி.எச்.ஐ.க்கு அதிகாரம் தருவது அதுதான். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் சந்தையிலேயே கண்டித்த ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சோதனை நமக்குப் புதிதல்ல.

இனிப்புத் தின்ற பலருக்கு ஒன்றாக வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம். மீதி இனிப்பையும் உறையையும் வீசாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் எடுத்து வைத்து, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் சொல்வோம். கடைக்காரர் நம் சொந்தக்காரராக இருக்கலாம். அவரும் தெரியாமல் வாங்கி விற்றிருக்கலாம், ஹார்டேக்கரைப் போல. நாம் மறைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதையே தின்னும்.