நெருக்கடி வேளையில் அரசின் சொல்



தோட்டத்தில் எல்லாரும் அறியவேண்டிய செய்தி ஒன்று இருந்தால், அந்தக் காலத்தில் தப்படித்துக் கூப்பிடுவார்கள். பெரட்டுக் களத்தில் கங்காணி உரக்கச் சொல்வார். ஒரு நாடே நோயால் கலங்கி நிற்கும்போது அரசாங்கம் தன் மக்களிடம் எப்படிப் பேசுகிறது? அந்தச் சொல்லை மக்கள் எப்போது நம்பி நடக்கிறார்கள்? சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு நடந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அந்நாட்டில் கொரோனா நோய் முதன்முதலாக 2020 ஜனவரி 23ஆம் நாள் உறுதியாயிற்று. பிப்ரவரி 7ஆம் நாள் அரசு அபாய நிலையை ஒரு படி உயர்த்தவே, மக்கள் கடைகளில் முண்டியடித்து அரிசியையும் நூடுல்ஸையும் வாங்கிக் குவித்தனர். மறுநாளே பிரதமர் லீ சியென் லூங் மக்களிடம் பேசினார். உணவுக்குப் பஞ்சமில்லை என்றார். அதோடு நிற்காமல், நோய் பரவினால் மருத்துவமனைகளைக் கடும் நோயாளிகளுக்கென ஒதுக்க நேரிடலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

தீவின் கிழக்கே கடலோரத்தில் பாசிர் ரிஸ் என்னும் குடியிருப்பு நகரம் இருக்கிறது. அங்கே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் விடுமுறை விடுதி ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில் அது, உடல் தேறியும் கிருமி நீங்காதவர்களைத் தனியே தங்கவைக்கும் இடமாயிற்று. முன்பு சொல்லப்பட்டது செயலாகக் கண்முன் நின்றது. அரசின் செய்திகளும் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் கைத்தொலைபேசிக்கே வந்து சேர்ந்தன.

ஆயினும் சொன்ன சொல் மாறியதும் உண்டு. நோயில்லாதவர் முகக்கவசம் அணியவேண்டாம் என்று முதலில் சொன்னார்கள். ஏப்ரல் 14 முதல் எல்லாரும் அணியவேண்டும் என்றார்கள். நோய்க்குறி இல்லாதவரிடமிருந்தும் கிருமி பரவுவது தெரியவந்தது எனக் காரணமும் கூறினார்கள். ‘டிரேஸ் டுகெதர்’ செயலியின் கதை வேறு. அதில் சேரும் தகவல் நோய்த்தடுப்புக்கு மட்டுமே என்று சொல்லப்பட்டிருந்தது. குற்ற விசாரணைக்காகப் போலீசாரும் அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. மக்கள் மனம் கசந்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என வரம்பிட்டு, பிப்ரவரியில் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சொல் மாறுவது குற்றமன்று. மாற்றத்தை மக்களே பின்னால் கண்டுபிடிக்கும்படி விடுவதே நம்பிக்கையைக் கெடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாசிர் ரிஸுக்கு அண்மையிலுள்ள புங்கோலில், தமிழரும் வங்காளியருமாகப் பல்லாயிரம் தொழிலாளர் ஒரு பெரிய விடுதியில் தங்கியிருந்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் அவ்விடுதி தனிமைப்படுத்தப்பட்டது. ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று எந்த மொழியில் சொன்னால்தான் என்ன? பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் படுத்தால் தள்ளி நிற்க இடமேது? அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த அரசுக் கணக்கின்படி, விடுதித் தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேரை நோய் தொற்றியிருந்தது.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. இலங்கையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் குடும்பங்கள் அதே லயங்களில்தான் இருந்தன.

ஆகவே நேயர்களே, ஓர் அறிவிப்பு வரும்போது அதைக் கேட்டு நடப்பது நம் கடமை. அறிவிப்பவரை இரண்டு கேள்வி கேட்பது நம் உரிமை: ஏன் இதைச் செய்யவேண்டும்? நீங்கள் சொல்வதைச் செய்ய எங்களுக்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள்? இவ்விரண்டையும் தயங்காமல் கேட்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.