கலரிமீட்டர் காலத்துக் கொலஸ்ட்ரால்

கொலஸ்ட்ரால் பார்ப்பது அப்போதெல்லாம் அரை நாள் வேலை. திருச்சி புத்தூரில் நான் தொழில் கற்ற லேபில், 1970களின் கடைசியில், சீரத்தில் 0.2 மில்லி எடுத்து, ஆல்கஹாலும் ஈதரும் கலந்த கரைசலில் விட்டுக் குலுக்கி அரை மணி நேரம் வைப்போம். புரதம் அடியில் படியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை வேறு குழாயில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஈதர் முழுக்க ஆவியாகும்வரை காத்திருப்போம். அந்த நேரத்தில் அறையில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மிஞ்சியதைக் குளோரோஃபார்மில் கரைத்து, அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, கடைசியாக அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாயில் துளி ஈரம் இருந்தாலும் சூடேறி எல்லாம் பாழ். ஈரமில்லையென்றால் இளஞ்சிவப்பு லேசாக எட்டிப் பார்க்கும். பிறகு நீலம், அப்புறம் பச்சை. பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால். கால் மணி நேரம் இருட்டில் வைத்து, கலரிமீட்டரில் சிவப்பு ஃபில்டர் போட்டு உடனே ரீடிங் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நிறம் நம்மைக் கேட்காமல் மாறிவிடும்.

லீபர்மன் 1885-இலும் புர்ச்சார்ட் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடித்த வினை அது. கொலஸ்ட்ராலுக்கும் ரத்தக் குழாய்க்கும் உள்ள உறவும் பழைய செய்திதான். இறந்தவர்களின் மகாதமனியில் தடித்த படிவுகளில் கொலஸ்ட்ரால் குவிந்திருப்பதை ஜெர்மனியின் விண்டவுஸ் 1910-இல் காட்டினார். முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் ரத்தக் குழாய்களில் அதே படிவை வரவழைத்தார் ரஷ்யாவின் அனிச்கோவ், அது 1913. ஆக, நான் பிப்பெட்டைக் கையில் எடுப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அடிப்படை தெரிந்திருந்தது. அப்படியும் எங்கள் மேசைக்கு வந்த சீட்டுகளில் இருபது வயதுக்காரர்களின் பெயர் அநேகமாக இருக்காது. நாற்பத்தைந்து, ஐம்பது வயது ஆண்கள்தான் வருவார்கள், அதுவும் நெஞ்சு வலி வந்து ஈசிஜி எடுத்த பிறகு.

நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். காலைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். நாற்பதை ஒட்டிய வயதில், முந்தின நாள் ஷிஃப்ட் முடித்து வந்தவர் விடிவதற்குள் இல்லாமல் போனார் என்ற செய்தி அந்தத் தெருக்களில் அபூர்வமில்லை. “மாரடைப்பு” என்று சொல்லி, “நல்ல சாவு, படுக்கையில கிடக்கல” என்று பெரியவர்கள் ஆறுதல் கொள்வார்கள். சின்னக் குழந்தைகளோடு நிற்கிற அந்த வீட்டுப் பெண்களைப் பார்த்த எனக்கு அதில் நல்லது எதுவும் தெரிந்ததில்லை.

அந்தச் சாவுகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை இந்திய ரயில்வே ஊழியர்களிடையே நேர்ந்த இதயச் சாவுகளைத் தொகுத்து, 1967-இல் ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். தென்னிந்திய ஊழியர்களிடம் அந்தச் சாவு பஞ்சாபியர்களைவிட ஏழு மடங்கு. இத்தனைக்கும் நெய்யும் பாலும் பஞ்சாபில்தான் பல மடங்கு அதிகம். அவர் சொன்ன காரணங்களில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் எண்கள் எண்கள்தான். அவர் கணக்கெடுத்தவர்கள் 18 முதல் 55 வயது வரை வேலையில் இருந்தவர்கள், ஓய்வு பெற்ற கிழவர்கள் இல்லை.

இளைஞர்களின் இதயத்தை முதலில் திறந்து பார்த்தவர்கள் போர்க்கள மருத்துவர்கள். கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களில் 300 பேரின் இதயத் தமனிகளை ஈனோஸ், ஹோம்ஸ், பேயர் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். சராசரி வயது 22. குண்டடிபட்டும் குண்டு வெடித்தும் இறந்த அந்தப் பையன்களில் 77 சதவீதத்துக்கும் மேலானவர்களின் தமனியில் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது. 1953-இல் இது அச்சேறியது. இதய நோயைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1948-லேயே தொடங்கிவிட்டது என்றாலும், அதில் சேர்த்த 5,209 பேரில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள்.

அதே ஆண்டுகளில் பால்டிமோரில் கரோலின் பெடல் தாமஸ் என்ற மருத்துவர் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தார். இந்த வரலாற்றில் நான் கையெடுத்துக் கும்பிடுவது இவரைத்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்த மாணவர்களையே அவர் எடுத்துக்கொண்டார். அப்பா அம்மாவுக்கு என்ன நோய் என்று கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார், ரத்தம் எடுத்துக் கொலஸ்ட்ரால் பார்த்தார். அதன்பின் அவர்கள் டாக்டராகிக் கல்யாணமாகித் தலை நரைக்கும் வரை, ஆண்டுதோறும் கடிதம் போட்டு உடல்நிலையை விசாரித்தபடியே இருந்தார்கள் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும். முடிவு 1993-இல் வந்தது. 1,017 இளைஞர்கள், ரத்தம் கொடுத்தபோது சராசரி வயது 22, சராசரி கொலஸ்ட்ரால் 192. அவர்களை எண்ணின் வரிசைப்படி நிறுத்தினால், கீழிருந்து கால் பங்கில் நிற்பவருக்கும் முக்கால் பங்கில் நிற்பவருக்கும் இடையே 36 மில்லிகிராம்தான் வித்தியாசம். அந்த 36-க்கு, நடுவயதில் இதயத் தமனி நோய் வருகிற வாய்ப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

இந்த 36-ஐப் படித்தபோது எனக்கு எங்கள் ரிப்போர்ட் தாள்தான் கண்ணில் வந்து நின்றது. கொலஸ்ட்ரால் என்ற வரிக்கு நேரே வலது ஓரத்தில் “150 – 250” என்று அச்சடித்திருக்கும். எல்லா லேபிலும் ஏறக்குறைய அதுதான், பாடப்புத்தகத்திலும் அதுதான். பால்டிமோர் பையன்களில் பிழைத்தவன், விழுந்தவன் இருவரின் எண்ணும் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிப்போகும். அந்த எல்லை பிறந்த விதம் அப்படி. வெளிப் பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களிடம் ரத்தம் எடுத்து, இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் கழித்துவிட்டு, நடுவில் இருக்கிற 95 சதவீதத்தை நார்மல் என்பார்கள். சோடியத்துக்கு அது பொருந்தும். ஊரில் பாதிப் பேருக்குத் தமனியில் படிவு தொடங்கிவிட்ட பிறகு, கொலஸ்ட்ராலுக்கு அந்த வழியில் எல்லை போட்டால், நோயும் சேர்ந்தே எல்லைக்குள் வந்துவிடும். இருபத்து நான்கு வயதுப் பையன் 240-ஐ வாங்கிக்கொண்டு, “நார்மல்தானே அக்கா?” என்று கேட்டு நிம்மதியாகப் போவான். தாளில் அச்சடித்திருப்பதற்கு மாறாக டெக்னீஷியன் வாய் திறக்க முடியாது. அது எங்கள் தொழிலின் முதல் பாடம். 1988-இல்தான் அமெரிக்கத் தேசியக் கொலஸ்ட்ரால் திட்டம், கூட்டத்தின் சராசரியை விட்டுவிட்டு, ஆபத்தைப் பார்த்து எல்லை வகுத்தது: 200-க்குள் இருப்பது நல்லது, 240-ம் அதற்கு மேலும் அதிகம். எங்கள் பக்கத்து ரிப்போர்ட் தாள்களில் 250 அழிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இதற்குள் வேலை சுலபமாகிவிட்டது. என்சைம் கிட் வந்தது. 37 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம், ஈதர் நாற்றமும் இல்லை, அமிலப் புண்ணும் இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை நேரடியாக அளக்க வசதியில்லாத லேப்களுக்கு ஃப்ரீட்வால்டின் 1972 சூத்திரம் கைகொடுத்தது: மொத்தத்தில் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்கு செல்லாது. அப்படிப்பட்ட சீரத்தைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிடலாம். பால் ஊற்றியது போல் வெளுத்திருக்கும், இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே ஆடை கட்டியிருக்கும். லாரி பட்டறையில் வேலை பார்த்த ஓர் இருபத்தாறு வயதுப் பையனின் குழாய் அப்படி இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். அவன் சர்க்கரை பார்க்கத்தான் வந்திருந்தான்.

சர்க்கரை, கொலஸ்ட்ரால் தவிர வேறு தடயங்களும் ரத்தத்தில் உண்டு. நார்வேயின் கோரெ பெர்க் 1963-இல் கண்ட லைப்போபுரோட்டீன் லிட்டில் ஏ, பிறவியிலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுவது. ஆயுளில் ஒரு தடவை பார்த்தாலே பெரும்பாலோருக்குப் போதும். அபோ பி, கெட்ட துகள்களை எண்ணிச் சொல்வது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புக்குப் புகையையும் ரத்தக் கொழுப்பையும் விடப் பெரிய காரணம் எதுவும் தென்படவில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. பொன்மலைத் தெருக்களில் நான் பார்த்ததும் மல்ஹோத்ரா எண்ணியதும் இந்த ஆறு வருட இடைவெளியைத்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 2011 முதல், 9 வயதிலிருந்து 11-க்குள் ஒரு தடவையும் 17-இலிருந்து 21-க்குள் ஒரு தடவையும் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் முதல் பரிசோதனைக்கு இப்போது இல்லை. இங்கே ஜூன், ஜூலை மாதங்களில் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக லேபுக்கு வருகிறார்கள். ரத்த வகை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் பார்த்த சேர்க்கைப் படிவங்களில் கேட்டிருந்தது அவ்வளவுதான். அதற்கடுத்து இன்னும் ஒரு கட்டம் போட்டுக் கொலஸ்ட்ரால் என்று அச்சடித்தால், அந்தப் பதினெட்டு வயதில் அவர்களுக்குக் கூடுதலாக ஆவது இரண்டு மில்லி ரத்தமும் பத்து நிமிடமும்தான்.