கார் ரேடியோவின் கரகரப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

பத்தாம் வகுப்பில் மின்தூண்டல் சுருளைப் பற்றி நடத்தியது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், துணைச் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, இடைவெளியில் பொறி தாவும். 1887 வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியது இப்படிப்பட்ட பொறியைக் கொண்டுதான். பெட்ரோல் கார் எஞ்சினைப் பற்றவைப்பதும் அதே சுருள், அதே பொறிதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 100 பொறி. அதாவது பெட்ரோல் கார் என்பதே ஓடுகிற ஒரு ரேடியோ நிலையம். அதற்குள் ரேடியோப் பெட்டியை வைத்துப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் என்ன ஆகும்? 1920களில் அமெரிக்காவில் பலர் முயன்றார்கள். எஞ்சின் ஓடாதவரை கேட்டது. ஓடினால் கரகரப்புதான்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர்கள் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வினும் அவர் தம்பி ஜோசப்பும். 1928-இல் 565 டாலர் ரொக்கத்தோடும் ஐந்து ஆட்களோடும் கம்பெனி ஆரம்பித்தார்கள். செய்த பொருள், பேட்டரி ரேடியோவை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட உதவும் பெட்டி. நேராகவே வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தப் பெட்டிக்கு மவுசு போய்விட்டது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தையும் சரிந்தது. கார் ரேடியோ கைகொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து ஓட்டிக்கொண்டே போனார். மாநாட்டுக்குள் கடை போட இடம் இல்லை. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள், ஆர்டர் வந்தது. அந்த மாடல்தான் மோட்டோரோலா 5டி71. பெயரே மோட்டார் காரையும் விக்ட்ரோலா கிராமபோனையும் சேர்த்துக் கட்டியது. விலை 110 முதல் 130 டாலர். அந்தக் காலத்தில் சின்னக் காசா அது!

ஆனால் பெட்டியை விற்றதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு காரிலும் உட்கார்ந்து இரைச்சலைத் துரத்த வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் எதிரி பொறி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரில் பத்தாயிரம் ஓம் அளவுக்கு ஒரு மின்தடையைச் சேர்த்தார்கள். பொறி செத்துப்போகாதா என்று கேட்பீர்கள். போகாது. பொறிக்குத் தேவை உயர்ந்த வோல்ட், மின்னோட்டம் கொஞ்சம் போதும். மின்தடை அடக்குவது பொறிக்குப் பின்னால் வரும் அதிர்வை மட்டும்தான். அடுத்து டைனமோ. அதன் கார்பன் பிரஷ்கள் உரசுமிடத்திலும் சிறு பொறி உண்டு, அதற்கு ஒரு கண்டென்சர். பானட் மூடி வெறும் கீல்களில் உட்கார்ந்திருந்தால் அதுவே ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்பும் என்று, அதைப் பாடியோடு பின்னல் கம்பியால் இணைத்தார்கள்.

இதெல்லாம் செய்தும் சில கார்களில் இரைச்சல் நிற்கவில்லை. காரை உருளவிட்டு எஞ்சினை அணைத்தாலும் கரகரத்தது! காரணம் முன் சக்கரம். காய்ந்த ரோட்டில் டயர் உருளும்போது நிலைமின்னேற்றம் சேரும். பேரிங்கில் இருக்கும் கிரீஸ் அதை அச்சுக்குப் போகவிடாமல் தடுக்கும், பிறகு விட்டுவிட்டுத் தாவும். லேசாக பிரேக்கை மிதித்தால் சத்தம் நின்றுவிடும். அப்படி நின்றால் குற்றவாளி சக்கரம்தான் என்று தெரிந்துகொண்டு, ஹப் மூடிக்குள் ஒரு சிறு சுருள்வில்லைப் பொருத்தினார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் காலால் ஒரு மிதி மிதித்தே நோயைக் கண்டுபிடித்த அந்த மெக்கானிக்குகளை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும், காரிலோ இருந்தது 6 வோல்ட். முதலில் தனி பேட்டரிகளைத் தரைப்பலகைக்குக் கீழே அடுக்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் வைப்ரேட்டர் வந்தது. மின்சார மணி போலவே டிர்ரென்று அதிர்ந்து, 6 வோல்ட்டைத் துண்டு துண்டாக்கி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். இரைச்சலை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் ரேடியோ பெட்டிக்குள்ளேயே இன்னொரு பொறியை வைத்துக்கொண்டார்கள், வேறு வழியில்லை! அதைத் தகர டப்பாவில் அடைத்து, பக்கத்தில் ஒரு கண்டென்சரையும் வைத்தார்கள். அந்தக் கண்டென்சர் கெட்டால் வைப்ரேட்டரும் சீக்கிரம் கருகிவிடும். பழைய கார் ரேடியோ பழுது பார்ப்பவர்கள் இன்றும் முதலில் மாற்றுவது அதைத்தான். பிறகு டிரான்ஸிஸ்டர் வந்து வால்வு, வைப்ரேட்டர் இரண்டுக்குமே விடை கொடுத்தது.

காரில் பாட்டுக் கேட்காதவர்களுக்கும் இந்தப் பொறி தொல்லை கொடுத்தது. பிரிட்டனில் பிபிசி டெலிவிஷன் பரவியபோது, தெருவில் ஒரு கார் போனால் வீட்டுத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறின. கடைசியில் 1952-இல் அரசாங்கமே விதிமுறை கொண்டுவந்தது, புது வண்டிகளின் எஞ்சின் பொறி ரேடியோ அலைகளைக் கெடுக்கக்கூடாது என்று.

இங்கே ஒரு திருப்பம். 1930-இல் கால்வினோடு வேலை செய்தவர்களில் ஒருவர் வில்லியம் லியர். ஆம், லியர்ஜெட் விமானத்தின் லியரேதான். 1960களில் அவர் எட்டு டிராக் டேப்பைக் கொண்டுவந்தார். ஃபோர்டு தன் 1966 மாடல் கார்களில் அதைக் கொடுத்தது. டேப்புக்கு ஆன்டெனா கிடையாது. எனவே டேப் பாடும்போது இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் வயர் வழியாகத்தான் வருகிறது. அந்தச் சமயத்தில்தான் டைனமோ போய் ஆல்டர்னேட்டரும் வந்துகொண்டிருந்தது. அதன் டையோடுகள் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கினாலும் சிறு அலை மிஞ்சும். எஞ்சின் வேகத்தோடு அதன் சுருதியும் ஏறும்.

போன மாதம் நம் மாணவர் ஒருவர், "சார், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் விசில் அடிக்கிறது" என்று கேட்டிருந்தார். அதுதான் இது. ஸ்டீரியோ ஓரிடத்திலும், டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபையர் வேறிடத்திலும் எர்த் ஆகியிருக்கும். இரண்டு இடத்துக்கும் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், பாட்டு போகும் வயரின் மேலுறையில் மின்சாரம் ஓடி விசில் கேட்கும். தம்பி, முதலில் பாட்டு வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிப் பார். விசில் நின்றால் ஆம்ப்ளிஃபையர் நல்லது, வயரையும் எர்த்தையும் பார். எர்த் போல்ட்டுக்குக் கீழே பெயின்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரியும்படி இறுக்கு.

அதைவிட முக்கியமாக, பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் தடித்த வயரில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பார். கால்வின் ஆரம்பத்தில் ஒரு பேங்க்காரரின் பேக்கார்டு காரில் ரேடியோ மாட்டிக்கொடுத்து, கார் தீப்பிடித்துக்கொண்டது என்று ஒரு கதை சொல்வார்கள். ஆம்ப்ளிஃபையரின் மேல் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும்தான் காவல். வழியில் வயர் எங்காவது தகட்டில் உரசி உறை கிழிந்தால், பேட்டரி முழு பலத்தோடு அதில் பாயும், கார்பெட் பற்றிக்கொள்ளும். பின் சீட்டில் பேரக்குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டுகிற கார் அது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டிவிடு. விசிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.