எதிராளியின் கையைக் கலைக்கும் சீட்டுகள்: குருட்டுவாக்கிலிருந்து தேர்வுக்கு

ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'மேஜிக்: த கேதரிங்', வாங்கியும் மாற்றியும் சேர்த்த சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே அமைத்து ஆடும் விளையாட்டு வகைக்கு வழிவகுத்தது. கையில் 7 சீட்டுகளுடனும் 20 உயிர்ப்புள்ளிகளுடனும் ஆட்டத்தைத் தொடங்கும் இருவரில், ஒருவர் தம் திட்டத்தை நிறைவேற்றுமுன் அதற்குரிய சீட்டை மற்றவர் கழிக்கச் செய்யும் உத்தி, தொடக்கம் முதலே முதன்மையாகக் கறுப்பு நிறச் சீட்டுகளுக்கு உரியதாக இருந்துவருகிறது.

தொடக்ககாலச் சீட்டுகளில் இந்த உத்தி பெரிதும் குருட்டுவாக்கை நம்பியிருந்தது. நிலச்சீட்டுகளிலிருந்து கிடைத்துப் பிற சீட்டுகளை ஆடுவதற்குச் செலவாகும் ஆற்றல் 'மானா' எனப்படும். 1994இல் வெளிவந்த 'ஹிம் டு டூராக்', இரண்டே மானாவுக்கு, எதிராளியின் கையிலிருந்து கண்ணை மூடி எடுத்தாற்போல் 2 சீட்டுகளைக் கழிக்கச் செய்தது. அவை நிலச்சீட்டுகளாக அமைந்துவிட்டால், மானா இன்றி அவர் ஆட்டமே முடங்கிப்போகக்கூடும் என்பதால், சேதத்தின் அளவை ஆடுபவரின் அறிவைவிட அதிர்ஷ்டமே தீர்மானித்தது.

1998இல் வந்த 'ட்யூரஸ்' இந்நிலைக்கு மாற்றாக அமைந்தது. ஒரே மானாவுக்கு எதிராளியின் கை முழுவதையும் திறந்துகாட்டச் செய்து, உயிரினமும் நிலமும் அல்லாத ஒன்றைத் தேர்ந்து அகற்ற அது இடமளித்தது. 2007இன் 'தாட்சீஸ்' உயிரினங்களையும் அகற்ற அனுமதித்து, அதற்கு விலையாக ஆடுபவரிடமிருந்து 2 உயிர்ப்புள்ளிகளைக் கோரியது. 2010இன் 'இன்க்விசிஷன் ஆஃப் கோசிலெக்' உயிர்ப்புள்ளி எதையும் கோராமல், 3 மானாவுக்கு மேற்படாத சீட்டுகளோடு தன் எல்லையை வரையறுத்துக்கொண்டது.

2011இல் தொடங்கப்பட்ட 'மாடர்ன்' போட்டி வகையில் கறுப்புக் கட்டுகளை அமைத்தவர்கள், ஒரே பெயரில் 4 சீட்டுகளுக்கு மேல் கூடாது என்ற விதிக்கு உட்பட்டு, இவற்றை எவ்விகிதத்தில் சேர்ப்பது என்று எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது. மூன்று வகை நிலங்களை ஒன்றுசேர்த்து 7 மானா திரட்டும் 'ட்ரான்' கட்டின் 'கார்ன் லிபரேட்டட்' சீட்டை, அதன் விலையே 7 என்பதால், இன்க்விசிஷனால் தொட முடியாது. தாட்சீஸ் அதை எளிதில் அகற்றிவிடும். மாறாக, ஒரு மானாவுக்கு 3 புள்ளிகளைப் பறிக்கும் 'லைட்னிங் போல்ட்' போன்றவற்றால் நிறைந்த 'பர்ன்' கட்டுக்கு எதிரே, தாட்சீஸ் கோரும் 2 புள்ளிகள் எதிராளியின் வேலையையே பாதி செய்து முடிப்பதாகும். அங்கே இன்க்விசிஷனே பொருத்தமானது. உயிரினங்கள் அரிதாக உள்ள கட்டுகளை எதிர்கொள்ளும்போது, உயிர்ப்புள்ளி கேட்காத ட்யூரஸே போதுமானது என்பதால், முதல் ஆட்டத்துக்குப்பின் மாற்றிக்கொள்ள ஒதுக்கிவைக்கும் 15 சீட்டுகளில் அது தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

விலையிலும் எல்லையிலும் வேறுபட்டாலும், கையைத் திறந்துகாட்டச் செய்யும் கூறு இம்மூன்றுக்கும் பொதுவாகவே நிலைத்தது; ஹிம் அளிக்காத கொடை அதுவே. அகற்றத்தக்க சீட்டு ஒன்றும் கிடைக்காத இன்க்விசிஷன்கூட, எதிராளி அடுத்துவரும் முறைகளில் எவ்வழியில் செல்லக்கூடும் என்பதை உணர்த்திவிடுவதால், இவ்வகைச் சீட்டுகளின் வரலாற்றை, பறிக்கும் ஆற்றல் முன்கூட்டித் திட்டமிடும் ஆற்றலாக வளர்ந்த வரலாறு என்றே கொள்ள வேண்டும்.