அருமண் வழங்கல் போட்டி

அருமண் தனிமங்கள்: ஸ்காண்டியம், இட்ரியம் ஆகியவற்றோடு லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான 15 தனிமங்களும் சேர்ந்த 17 உலோகங்கள். அருமை பெயரில்தான். அவற்றுள் ஒன்றான சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கே உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் பெரும்பாடு. அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவரே சந்தையை ஆள்கிறார்.

போட்டியின் முன்கதை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அருமண் தாதுவான மோனசைட் இருப்பதை 1909இல் ஜெர்மன் வேதியியலர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். அன்று வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். எரிவாயு விளக்கு மேண்டிலுக்கு. மணவாளக்குறிச்சியில் ஜெர்மானியரின் ஆலை வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஆங்கிலேயர் ஜெர்மானியரை வெளியேற்றினர். விடுதலைக்குப்பின் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் 1950இல் உருவானது.

1960களில் வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்புக்கு அருமண்ணான யூரோப்பியம் தேவைப்பட, கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் முன்னணிக்கு வந்தது. சீனாவுக்கு உள்மங்கோலியாவின் பயான் ஓபோ வாய்த்தது. அது இரும்புச் சுரங்கம். அருமண் கூடவே கிடைத்தது. தனிமங்களைப் பிரிக்க, தாதுவை அமிலத்தில் கரைத்து, எண்ணெய் போன்ற கரைப்பானோடு கலக்கி, தெளியவிட்டு, அடுத்த தொட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறைக்குப் பிரிவது சொற்பம். ஆகவே நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசைகட்டி நிற்கும். இதை மலிவாகச் செய்யும் கணக்கை 1970களில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஷூ குவாங்சியன் வகுத்தார். எஞ்சிய கதிரியக்கக் கழிவு பாவோடோ நகரருகே குளமாகத் தேங்கியது. அமெரிக்கா அந்த அழுக்கைச் சுமக்க விரும்பவில்லை. 2002இல் மவுண்டன் பாஸ் ஓய்ந்தது. அருமண் கொண்டு செய்யும் நியோடிமியம் காந்தத்தை ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கியிருந்தன. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவான மேக்னிகுவென்ச்சை 1995இல் சீனப் பங்காளிகள் அடங்கிய குழுவுக்கு விற்றது. பின்னர் உற்பத்தியும் சீனாவுக்கே போய்ச் சேர்ந்தது. விற்றதன் விலை பதினைந்து ஆண்டு கழித்தே தெரிந்தது.

2010 செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளருகே ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு சீன மீன்பிடிப் படகு மோதியது. அதன் தலைவர் கைதானதும் ஜப்பானுக்கான அருமண் சரக்கு நின்றது. தடையே இல்லை என்றது பெய்ஜிங். மறு ஆண்டே ஜப்பான் ஆஸ்திரேலியாவின் அருமண் நிறுவனமான லைனாஸில் பணம் போட்டது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு குறித்த வழக்கில் உலக வர்த்தக அமைப்பு 2014இல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள், எகிறியிருந்த அருமண் விலை சரிந்திருந்தது. மவுண்டன் பாஸை மீண்டும் திறந்த மோலிகார்ப் நிறுவனம் 2015இல் திவாலானது. அடுத்து அச்சுரங்கத்தை நடத்த வந்த எம்பி மெட்டீரியல்ஸும் நெடுநாள் தன் தாதுச் செறிவைச் சீனாவுக்கே கப்பலேற்றியது.

2025 ஏப்ரலில், அமெரிக்க அதிபர் டிரம்பின் இறக்குமதி வரிக்குப் பதிலடியாக, டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது. காந்தமின்றி சில கார் ஆலைகள் நின்றன. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எம்பி மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் முதலீடு அறிவித்து, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிப்படை விலையும் உறுதியளித்தது. சந்தையை அதன் போக்கில் விடச் சொல்லும் நாடு! அக்டோபரில் சீனா மேலும் கெடுபிடி அறிவித்தது. அம்மாத இறுதியில் தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபின் அது ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஏப்ரல் உரிம முறை நீடித்தது.