பெரீயாவில் ஒரே வகுப்பில் வளர்ந்தவர்கள்

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாகாணத்தில், அப்பலேச்சிய மலைகளின் அடிவாரத்தில், ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855-ஆம் ஆண்டில் சிறு பள்ளிக்கூடமாகத் தொடங்கிய பெரீயா ஸ்தாபனம், அடிமை முறை அங்கே சட்டத்தின் பாதுகாப்போடு நிலவிய காலத்திலேயே, நிறபேதமற்ற கல்வியைத் தன் லட்சியமாக வரித்துக்கொண்டது. 1859-இல், அடிமை முறையை ஆயுதமேந்தி எதிர்த்த ஜான் பிரௌனின் கிளர்ச்சியால் மிரண்டிருந்த அடிமை உடைமைக்காரர்கள் ஆயுதபாணிகளாக வந்து ஃபீயின் சகாக்களை மாகாணத்தை விட்டே துரத்தினார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்த பிறகே பள்ளி மீண்டும் உயிர் பெற்றது.

1866-இல் கறுப்பு மாணவர்கள் வகுப்பில் நுழைந்தபோது, வெள்ளை மாணவர்களில் ஒரு பகுதியினர் எழுந்து வெளியேறினர். ஆயினும் அந்தக் கல்வியாண்டில் பயின்ற 187 பேரில் 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். நேற்றுவரை அடிமையாயிருந்தவர்களின் பிள்ளைகளும் மலைநாட்டு ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகளும் ஏறக்குறைய சரிபாதியாய் அமர்ந்த அந்த வகுப்பறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பெரீயாவின் விசேஷம் பட்டப் படிப்பில் மட்டும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆரம்ப வகுப்புகள் முதலில் இருந்தன. கலாசாலை வகுப்புகள் அவற்றின்மேல் பின்னரே எழுந்தன. ஆகவே, உயர்கல்விக்கு ஏறி வந்தவர்களில் பலர், ஒரே ஆசிரியரிடம் கணக்குப் பிழைக்காகக் கடிந்துரைக்கப்பட்டும், ஒரே மைதானத்தில் விளையாடியும், அந்நியர் என்ற அச்சம் மனத்தில் குடிபுகுமுன்னரே ஒருவரையொருவர் அறிந்துவிட்டவர்கள். 1872-இல் இரு இனத்து இளைஞரும் பழகிக் காதல் கொள்வதைக்கூடச் சில நிபந்தனைகளோடு நிர்வாகசபை அனுமதிக்கத் துணிந்ததற்கு, அந்தப் பால்யப் பழக்கமும் ஒரு காரணம் என்பதே என் அபிப்பிராயம். அடிமைத் தாயின் மகனாகப் பிறந்து, கீழ் வகுப்பில் சேர்ந்து, 1892-இல் பட்டம் பெற்ற ஜேம்ஸ் பாண்ட், பின்னர் அதே கலாசாலையின் தர்மகர்த்தாக்களில் ஒருவராகவும் விளங்கினார்.

1904-இல், சட்டசபை உறுப்பினர் கார்ல் டே கொண்டுவந்த சட்டம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வித்தியாசாலையில் பயில்வதையே குற்றமாக்கிற்று. பெரீயாவுக்கு 1,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கலாசாலை வழக்காடியது, 1908-இல் உச்ச நீதிமன்றம் மாகாணத்தின் பக்கமே நின்றது. கெண்டக்கியிலேயே பிறந்த நீதிபதி ஹார்லன், அந்தத் தீர்ப்பை வன்மையாக மறுத்து எழுதினார். கறுப்பு மாணவருக்கெனச் சிம்ப்ஸன்வில் அருகே லிங்கன் இன்ஸ்டிட்யூட் என்ற தனிப் பள்ளி 1912-இல் திறக்கப்பட்டது. அதற்கு நிதி திரட்ட ஊர் ஊராய் அலைந்தவர்களில் ஜேம்ஸ் பாண்டும் ஒருவர்.

1950-இல் சட்டம் தளர்த்தப்பட்டதும் பெரீயா தாமதியாமல் கதவைத் திறந்தது. ஆனால் பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அப்போது கலாசாலைக்குள் வந்த கறுப்பரும் வெள்ளையரும் வெவ்வேறு பள்ளிகளில் வளர்ந்தவர்களாதலால், ஜேம்ஸ் பாண்டின் தலைமுறை கீழ் வகுப்புகளிலேயே பெற்றுவிட்ட பரிச்சயத்தை, இவர்கள் வாலிபப் பருவத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.